ஐஆர்க்யூ 16: யாரும் கண்டுகொள்ளவில்லை!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். நாலு குடித்தனம், ஒரே கேட், ஒரே காலிங் பெல். மணி அடித்தால் நாலு வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்க்க வேண்டும். "எங்க வீட்டுக்கா?" "இல்லக்கா, கேஸ்காரர், மாடி வீட்டுக்கு." யாருக்கு வந்த ஆளோ அவர் போய்க் கதவைத் திறப்பார். மற்றவர்கள் உள்ளே போய் விட்ட வேலையைத் தொடருவார்கள்.

இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்க ஒரே ஒரு நிபந்தனைதான் உண்டு. வந்தவர் தன்னுடைய ஆள் என்று நாலு பேரில் ஒருவராவது ஒப்புக்கொள்ள வேண்டும். நாலு பேருமே "நமக்கில்லை" என்று திரும்பிப் படுத்துவிட்டால்? வெளியே நிற்பவர் மணியிலிருந்து கையை எடுக்க மாட்டார். கடைசியில் வீட்டுச் சொந்தக்காரர் எரிச்சலோடு வந்து ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு பால்காரர் வந்தாலும் சரி, தபால்காரர் வந்தாலும் சரி, நாலு வீட்டுக்கும் மணி கிடையாது.

லினக்ஸ் கெர்னல் செய்வதும் அச்சு அசலாக இதேதான். திரையில் திடீரென்று "ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்" என்று ஒரு வரி வரும். யாரும் கண்டுகொள்ளவில்லை என்று அர்த்தம். அதன் கீழே அந்த ஐஆர்க்யூவை நிறுத்துவதாக இன்னொரு வரி. கெர்னல் ஒவ்வொரு ஒரு லட்சம் குறுக்கீட்டுக்கும் ஒரு முறை கணக்குப் பார்க்கிறது. அதில் 99,900க்கு மேல் எந்த டிரைவரும் "என்னுடையது" என்று சொல்லாமல் போயிருந்தால் ஒயரைப் பிடுங்கிவிடுகிறது. அதே ஒயரில் இருந்த யுஎஸ்பியும் சவுண்டும் நெட்வொர்க்கும் சேர்ந்து படுத்துவிடுகின்றன.

சரி, கம்ப்யூட்டர் படித்தவர்கள் இந்த வரியைப் பார்த்ததும் என்ன செய்கிறார்கள்? இந்தக் கட்டுரையின் வம்பு அதில்தான் இருக்கிறது.

மாத்திரை வைத்தியம்

பத்துக்கு ஒன்பது பேர் செய்வது ஒன்றுதான். தேடுபொறியில் அந்த வரியை அப்படியே போடுவது, முதலில் கிடைக்கும் பூட் ஆப்ஷனை எடுத்து ஒட்டுவது. "ஏசிபிஐ ஆஃப்" போடு, "நோ ஏபிஐசி" போடு, "ஐஆர்க்யூ போல்" போடு. மூன்றில் ஒன்றில் மிஷின் எழுந்துவிட்டால் "சால்வ்டு!" என்று கைதட்டிவிட்டு அடுத்த வேலை. எழவில்லை என்றால், "மதர்போர்டு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க."

தலைவலிக்கு மாத்திரை போடுவதில் தப்பில்லை. ஆனால் எந்தத் தலைவலி என்று தெரியாமல் மூன்று மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால் பின்விளைவு உண்டு. ஏசிபிஐயை மொத்தமாக அணைத்தால் லேப்டாப்பில் பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. ஷட்டவுன் கொடுத்தாலும் தானாக அணையாமல் நிற்கலாம். நாலு கோர் உள்ள ப்ராசஸர் ஒற்றைக் கோராக ஓடலாம், ஏனென்றால் எத்தனை கோர் இருக்கிறது என்ற பட்டியலே அந்த ஏசிபிஐ அட்டவணைக்குள்தான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய மிஷினில் முக்கால்வாசியை அணைத்துவிட்டு "லினக்ஸ் ரொம்ப ஸ்லோ" என்று திட்டுகிறவர்கள் எத்தனை பேர்!

மாத்திரை வைத்தியத்தால் மிஷின் கெடுவதைவிட, படிக்கிற பிள்ளைகளின் மூளை சோம்பேறியாவதுதான் பெரிய நஷ்டம். இன்டரப்ட் ரூட்டிங் கோளாறு மாதிரி சிந்திக்கக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் வேறு இல்லை.

பழைய எண், புது எண்

இது ஏன் கெடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, சென்னைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை போதும்: கதவு எண்.

1981ல் ஐபிஎம் பிசி வந்தபோது அதில் ஒரே ஒரு 8259 சிப். எட்டு ஒயர், அதாவது எட்டு மணி. 1984ல் வந்த ஏடி மாடலில் இரண்டு 8259. இரண்டாவது சிப் முதல் சிப்பின் ஒரு ஒயரில் தொங்கியதால் மிச்சம் 15. கீபோர்டுக்கு 1ஆம் எண் என்பதெல்லாம் அந்தக் காலத்துக் கணக்கு. பிறகு பிசிஐ வந்தது. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஏ, பி, சி, டி என நாலு மணி ஒயர். எல்லா கார்டும் ஏ ஒயரையே பிடித்துத் தொங்கினால் நெரிசல் ஆகுமே என்று, மதர்போர்டு செய்பவர்கள் ஸ்லாட்டுக்கு ஸ்லாட் ஒயரை ஒரு இடம் தள்ளிச் சுழற்றி இணைத்தார்கள். முதல் ஸ்லாட்டின் ஏ ஒரு ஒயரில் போகும், இரண்டாவது ஸ்லாட்டின் ஏ அடுத்த ஒயரில் போகும். கார்டைக் கழற்றி வேறு ஸ்லாட்டில் போட்டால் பிரச்சினை மாயமாய் மறைகிற அதிசயத்துக்குக் காரணம் இதுதான். மந்திரமும் இல்லை, தூசியும் இல்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட ப்ராசஸர் வந்ததும் 8259 போதவில்லை. இன்டெல் 1990களில் ஏபிஐசி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இதில் ஐஓ-ஏபிஐசி என்ற பகுதிக்கு வழக்கமாக 24 வாசல். பழைய சாதனங்கள் 0 முதல் 15 வரை உட்கார, பிசிஐ கார்டுகளுக்கு 16லிருந்து புது எண். அதாவது ஒரே நெட்வொர்க் கார்டுக்கு 8259 முறையில் 11, ஏபிஐசி முறையில் 16 என்று இரண்டு எண் இருக்கலாம். பழைய எண் 11, புது எண் 16! சென்னையில் கூரியர்காரர் படும் பாடு கெர்னலுக்கும் உண்டு.

மதர்போர்டுக்குள் எந்த ஒயர் எங்கே போகிறது என்று கெர்னலால் கண்ணால் பார்க்க முடியாது. பயாஸ் எழுதிக் கொடுக்கும் அட்டவணையை நம்பித்தான் அது வேலை செய்கிறது. 1996 டிசம்பரில் வெளியான ஏசிபிஐ வரையறைக்குப் பிறகு இந்த அட்டவணை பிஆர்டி என்ற பெயரில் வருகிறது. கெர்னல் முதலில் "பழைய எண்ணில் பேசப் போகிறேனா, புது எண்ணிலா" என்று பயாஸிடம் சொல்ல வேண்டும். பயாஸ் அதற்கேற்ற அட்டவணையை நீட்ட வேண்டும். அந்த அட்டவணையில் ஒரு எண் தப்பாக இருந்தால் போதும். மாடி வீட்டு மணி பக்கத்து வீட்டில் அடிக்கும். மாடி வீட்டுக்காரர் "யாருமே வரவில்லையே" என்று காத்திருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் "எனக்கில்லை, எனக்கில்லை" என்று கத்திக்கொண்டிருப்பார். இவ்வளவுதான் இன்டரப்ட் ரூட்டிங் பிரச்சினை.

லேபில் செத்துப்போன சிப்

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் படித்த எந்த எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவரையும் கேளுங்கள். 8085, 8086 மைக்ரோப்ராசஸர் பேப்பர், அதோடு 8255, 8251, 8279, 8259 என்று ஒரு கூட்டம். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி 8259ன் பிளாக் டயகிராமும் ஐசிடபிள்யூ 1 முதல் 4 வரையும் மனப்பாடம். கிட்டில் ஹெக்ஸ் கோடு அடித்து, அவுட்புட் வந்தால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து. மறுநாளே மறந்தாச்சு.

அந்த 8259ன் வாரிசு தன் பைக்குள் இருக்கும் லேப்டாப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. லினக்ஸ் இருக்கும் எந்த மிஷினிலும் ப்ராக் அடைவுக்குள் இன்டரப்ட்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது. திறந்து பார்த்தால் எந்த ஒயரில் யார் உட்கார்ந்திருக்கிறார், எந்த கோருக்கு எத்தனை முறை மணி அடித்தது என்று வரிசையாக எண்கள். ஒரு கீயைத் தட்டினால் எண் கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். கிட்டும் வேண்டாம், ரெக்கார்டு நோட்டும் வேண்டாம். மூன்று மணி நேர லேப் செய்யாததை இந்த ஒரு கோப்பு மூன்று நிமிடத்தில் செய்துவிடும். பாடத்தில் தப்பில்லை. பாடத்துக்கும் பைக்குள் இருக்கும் மிஷினுக்கும் நடுவில் ஒயர் போடாததுதான் தப்பு. அதுவும் ஒரு ரூட்டிங் பிரச்சினைதான்!

மாத்திரையா, கேள்வியா?

அப்படியானால் அந்த பூட் ஆப்ஷன்களே வேண்டாமா? வேண்டும். ஆனால் அவை ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. கேள்வி கேட்டால் பதிலைக் கவனிக்க வேண்டும்.

முதலில் அறிகுறி. சாதனம் பட்டியலிலேயே வரவில்லை என்றால் அது வேறு நோய். பட்டியலில் வருகிறது, டிரைவரும் ஏறிவிட்டது, ஆனால் நெட்வொர்க் "டைம் அவுட்" என்கிறது, பாட்டு ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது என்றால் மணி ஒயர் மேல் சந்தேகப்படலாம்.

இரண்டாவது, இன்டரப்ட்ஸ் கோப்பைப் பத்து வினாடி இடைவெளியில் இரண்டு தடவை பார்க்க வேண்டும். சாதனத்துக்கு வேலை கொடுத்த பிறகும் அதன் எண் அசையவே இல்லை என்றால் மணி வந்து சேரவில்லை. எண் லட்சக்கணக்கில் எகிறினால் யாரோ மணியிலிருந்து கையை எடுக்கவில்லை. சம்பந்தமே இல்லாத இன்னொரு வரியில் எண் எகிறினால், மணி பக்கத்து வீட்டில் அடிக்கிறது. இந்த மூன்றையும் பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாவதாகத்தான் ஆப்ஷன்கள், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. ஐஓ-ஏபிஐசியை மட்டும் அணைத்தால் சரியாகிறதா? அப்படியானால் சந்தேகம் புது எண் அட்டவணை மேல். ஏசிபிஐயை முழுதாக அணைக்காமல், அது சொல்லும் இன்டரப்ட் வழியை மட்டும் புறக்கணிக்கச் சொன்னால் சரியாகிறதா? அப்படியானால் பிஆர்டி அட்டவணை பொய் சொல்கிறது. எம்எஸ்ஐயை மட்டும் அணைத்தால் சரியாகிறதா? அப்படியானால் ஒயரில் பிரச்சினையே இல்லை, செய்தி போகும் வழியில்தான். ஐஆர்க்யூ போல் போட்டால் தள்ளாடியாவது ஓடுகிறதா? சாதனம் உயிரோடு இருக்கிறது, மணிதான் தொலைகிறது. கேட்டைத் திறந்து திறந்து "யாராவது வந்தீங்களா?" என்று பார்ப்பதுதான் ஐஆர்க்யூ போல். நோயைக் கண்டுபிடிக்க அது உதவும். காலம் முழுக்க அப்படியே குடித்தனம் நடத்த முடியாது.

நான்காவது, பழைய கெர்னலில் ஓடியது புதியதில் ஓடவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவில் இருந்து பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வரலாம். நடுவில் ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்தே சோதனையில் குற்றவாளி சிக்கிவிடும். பள்ளிக்கூடக் கணக்குதான்: இரண்டின் பத்தாம் அடுக்கு 1024.

ஐந்தாவதை யாரும் செய்வதில்லை. பார்த்தது, மாற்றியது, நடந்தது எல்லாவற்றையும் எழுதி வைத்து, கெர்னல்காரர்களுக்கு அனுப்புவது.

"இதெல்லாம் பழைய கதை"

இந்த இடத்தில் விவரம் தெரிந்த சிலர் சிரிப்பார்கள். "இப்போதெல்லாம் எம்எஸ்ஐ வந்தாச்சு. மணி ஒயரே கிடையாது. ஒவ்வொரு சாதனமும் மெமரியில் குறிப்பிட்ட முகவரியில் ஒரு எண்ணை எழுதி நேரடியாகச் சேதி சொல்லிவிடுகிறது. வந்தவர் கேட்டில் மணி அடிக்காமல் செல்போனில் கூப்பிடுகிற மாதிரி. இன்னும் எதற்கு 8259 புராணம்?"

நியாயமான கேள்விதான். எம்எஸ்ஐ வந்த பிறகு ஒயர் பகிரும் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது உண்மை. ஆனால் எல்லா சாதனமும் எம்எஸ்ஐ பேசுவதில்லை. 2022ல் வந்த ஏஎம்டி ரைசன் 6000 வரிசை லேப்டாப்கள் சிலவற்றில் நடந்ததைப் பாருங்கள். பூட் மெனுவில் கீபோர்டு வேலை செய்கிறது. விண்டோஸில் வேலை செய்கிறது. லினக்ஸ் ஏறியதும் செத்துவிடுகிறது. காரணம்? அதே பழைய ஐஆர்க்யூ 1! அந்த மணி எந்த மின்னழுத்தத்தில் அடிக்கும் என்று ஏசிபிஐ அட்டவணை ஒன்று சொல்கிறது, கெர்னலின் பழைய விதி அதை மாற்றி எழுதிவிடுகிறது. 1981 காலத்து எண் 2022 மாடல் லேப்டாப்பைப் படுக்க வைத்தது.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. அந்தப் பழைய விதியை ஏஎம்டி ஜென் மிஷின்கள் அனைத்துக்கும் ஒட்டுமொத்தமாக விலக்கிவிடலாம் என்று கெர்னல் ஆட்களே 2022ல் முயன்றார்கள். சில லேப்டாப்கள் பிழைத்தன, வேறு சிலவற்றில் புதிதாகக் கோளாறு வந்தது. 2023ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். கடைசியில் நின்றது என்ன தெரியுமா? மாடல் பெயர்களின் ஒரு பட்டியல். இந்த மாடலுக்கு விதி வேண்டாம், அந்த மாடலுக்கு வேண்டாம் என்று வரி வரியாக. எல்லோருக்கும் ஒரே மாத்திரை என்பது கெர்னல் எழுதுபவர்களுக்கே பலிக்கவில்லை.

அந்தப் பட்டியல் வளர்வதற்கு, யாரோ ஒருவர் தன் லேப்டாப்பில் உட்கார்ந்து, யுஎஸ்பி கீபோர்டைச் செருகி, அட்டவணையை எடுத்துப் பார்த்து, "என் மாடலிலும் இதே கோளாறு" என்று எழுதிப் போட வேண்டியிருந்தது. அப்படி ஒருவர் எழுதியதால் அதே மாடல் வாங்கிய மற்றவர்களுக்கு அந்தப் பிரச்சினையே தெரியாமல் போயிற்று. ஆவடியில் ஒருவர் "சால்வ்டு" என்று சொல்லிவிட்டுப் போனால் அவருக்கு மட்டும்தான் தீர்ந்தது. அவர் எழுதியிருந்தால் ஊருக்கே தீர்ந்திருக்கும்.

இங்கே யாருக்கு நஷ்டம்?

இது ஏதோ கெர்னல் பைத்தியங்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இந்திய லினக்ஸ். வீட்டில் முதல் கம்ப்யூட்டரே அதுதான் என்ற பிள்ளைகள் கையில் கெர்னலின் மூல நிரலோடு ஒரு மிஷின் கிடைத்தது. எத்தனை பேர் அந்தப் பக்கம் பூட் செய்து பார்த்தார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும். 2025-26 பட்ஜெட்டிலும் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவிப்பு வந்தது. மிஷின் கொடுக்க அரசாங்கம் இருக்கிறது. மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லத்தான் ஆள் இல்லை.

இன்னொரு பக்கம், 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத மிஷின்களுக்கு லினக்ஸ் ஒரு மறுவாழ்வு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையின் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லினக்ஸ் போட்டு, "நோபடி கேர்ட்" வந்து, போட்ட பையனுக்குப் புரியாமல் போனால் நல்ல மிஷின் காயலான் கடைக்குப் போகும். பட்டறைக்காரர் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். கார்டை ஒரு ஸ்லாட் தள்ளிப் போட்டிருந்தால் முடிந்திருக்கும் வேலை!

அதற்கும் மேலே ஒன்று. சென்னை ஐஐடியில் வடிவமைத்த சக்தி ப்ராசஸர் 2018ல் சிப்பாகவே வெளிவந்தது, லினக்ஸும் அதில் ஏறியது. சக்தி பின்பற்றும் ரிஸ்க்-வி உலகில் பெரும்பாலான போர்டுகளில் பயாஸ் அட்டவணை கிடையாது. டிவைஸ் ட்ரீ என்ற கோப்பில், எந்தச் சாதனத்தின் மணி எந்த வாசலில் நுழைகிறது என்று மனிதர்தான் கையால் எழுத வேண்டும். ஒரு எண் தப்பினால் சாதனம் ஊமை. இனி நம்மூர் சிப்பில் நம்மூர் போர்டு செய்யப் போகிறவர்களுக்கு, அடுத்தவர் எழுதிய அட்டவணையைத் திட்டி நழுவிக்கொள்ள வழியே கிடையாது. அட்டவணை எழுதுவதே அவர்கள்தான். "ஏசிபிஐ ஆஃப்" மட்டும் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு அதை எழுத முடியுமா?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியைச் சுற்றி எத்தனை என்ஜினீயரிங் காலேஜ் பஸ்கள் காலையில் போகின்றன என்று யாரும் எண்ணிப் பார்க்கலாம். அவற்றில் ஒவ்வொன்றிலும் 8259 படித்தவர்கள் இருக்கிறார்கள். வகுப்புக்கு ஒரே ஒருவர், தன் மிஷினில் வந்த ஒரே ஒரு கோளாறை மாத்திரை போட்டு மறைக்காமல் கடைசி வரை துரத்திப் பிடித்து எழுதி அனுப்பினால் போதும். வேலைக்கான இன்டர்வியூவில் சொல்லிக்கொள்ளவும் அது பத்து சர்டிபிகேட்டுக்குச் சமம்.

கெர்னல் ஒரு லட்சம் தடவை மணி அடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒயரைப் பிடுங்குகிறது. கம்ப்யூட்டர் படிக்கிறவர்கள் முதல் மணியிலேயே போர்வையை இழுத்து மூடிக்கொள்வது நியாயமா? யாராவது ஒருவர் எழுந்து போய், "யாருங்க, எங்க வீட்டுக்கா?" என்று கேட்டுப் பார்க்கலாம்.